எக்ஸ்போர்ட் பட்டனைத் திட்டித் தீர்த்த 19 நாள்

முதலில் வந்த புகாரை அப்படியே சொல்லிவிடுகிறேன். "பாடம் எல்லாம் நல்லா இருக்கு, ஆனா செல் பேரைப் படிக்க முடியலை. மூணு பேர் பி8-ஐ பி6-னு டைப் பண்ணிட்டு விடை தப்பா வருதுன்னு கேக்கறாங்க." ஒரு பயிற்சி நிறுவனத்துக்காக எக்செல் பாடத் தொடர் செய்து கொடுத்திருந்தேன். 14 பாடம், ஒவ்வொன்றும் இருபது இருபத்தைந்து நிமிடம், திரையைப் பதிவு செய்து, நடுவில் திக்கித் திணறிய இடங்களை வெட்டி, குறிப்புகள் சேர்த்து, இரண்டு மாதமாக உட்கார்ந்து முடித்த வேலை. அனுப்பிய மறுவாரமே இந்த அழைப்பு. போனை வைத்துவிட்டு நானே ஒரு பாடத்தைத் திறந்து பார்த்தேன். எழுத்தெல்லாம் ஏதோ ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. எட்டுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் இல்லை, காற்புள்ளிக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் இல்லை. அனுப்புவதற்கு முன் இதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பார்த்தேன், ஆனால் சின்ன ஜன்னலில் ஓடவிட்டு, ஒலி சரியாக வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், எடிட் செய்ததை முடிந்த வீடியோ கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் ஜன்னலைத் திறந்து பிட்ரேட்டை, அதாவது ஒரு விநாடி வீடியோவுக்குச் செலவழிக்கும் தரவின் அளவைக் கூட்டினேன். 8 எம்பிபிஎஸ் இருந்தது, 20 ஆக்கினேன், அதே மங்கல். 50 ஆக்கினேன், 22 நிமிடப் பாடம் 1.3 ஜிபியிலிருந்து 8 ஜிபியைத் தாண்டியது, என் லேப்டாப்பில் ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம், விசிறி அலறுகிறது, கடைசியில் வந்து நிற்பது அதே ஈரக் கண்ணாடி. இப்படியே ஐந்து நாள் போனது. பிட்ரேட் என்பது கையில் கொடுத்த படத்தை எவ்வளவு சேதமில்லாமல் மூட்டை கட்டுவது என்பதற்கான அளவு மட்டும்தான், கொடுத்த படமே மங்கலாக இருந்தால் அந்த மங்கலை மிகத் துல்லியமாக, 8 ஜிபி செலவில் பாதுகாத்துத் தரும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சும்மா இருக்காமல் வீடியோவைச் சுருக்கும் முறையை எச்.264-இலிருந்து எச்.265 ஆக மாற்றினேன், கோப்பு வகையை எம்பி4-இலிருந்து எம்ஓவி ஆக்கினேன். எம்பி4, எம்ஓவி எல்லாம் வெறும் பெட்டிதான், உள்ளே இருக்கும் படத்துக்கும் பெட்டியின் பெயருக்கும் சம்பந்தமில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அடுத்து செய்தது இன்னும் பெரிய முட்டாள்தனம். நான் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருளின் மேல்படிச் சந்தாவில் 'உயர்தர எக்ஸ்போர்ட்' என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். ராத்திரி பதினொன்றரை மணிக்கு, தூக்கமும் ஆத்திரமுமாக, ஒரு வருடத்துக்கு வாங்கிவிட்டேன். இந்தத் தொடருக்குப் பேசியிருந்த தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போனது. எக்ஸ்போர்ட் செய்து பார்த்தால், அதே பி6. பணத்தைத் திரும்பக் கேட்டேன், பயன்படுத்திவிட்டதால் தர முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, கோளாறு அவர்களிடம் இல்லை. எதையாவது காசு கொடுத்து வாங்குவதற்கு முன் கோளாறு எந்தப் படியில் இருக்கிறது என்று தெரியாமல் வாங்காதீர்கள், இதை மட்டும் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள்தான் புத்தி வந்தது. திரையில் நான் பார்த்த எழுத்து கூர்மையாகத்தான் இருந்தது, முடிவில் வந்தது மங்கல். இடையில் எங்கோ கெட்டிருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு படியிலும் ஒரே காட்சியை எடுத்து அடுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடாதா? எட்டாம் பாடத்தில் பி8 வரும் இடத்தை எடுத்துக்கொண்டேன். ஒன்று, அதே ஷீட்டைத் திறந்து வைத்து பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்திய படம். இரண்டு, எடிட் செய்யாத மூலப் பதிவை வி.எல்.சி. என்ற வீடியோ ஓட்டும் செயலியில் நிறுத்தி எடுத்த ஸ்னாப்ஷாட். மூன்று, எடிட்டரில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையான டைம்லைனிலிருந்து அதே ஃப்ரேமை, அதாவது அதே ஒற்றைப் படத்தை, தரம் கெடாமல் வைக்கும் பிஎன்ஜி ஆகச் சேமித்தது. நான்கு, எக்ஸ்போர்ட் ஆன கோப்பிலிருந்து எடுத்தது. ஜேபெக் வேண்டாம், அது தன் பங்குக்குக் கொஞ்சம் கெடுக்கும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 400 சதவீதம் பெரிதாக்கினேன். முதல் இரண்டிலும் எட்டின் இரண்டு வட்டமும் தனித்தனியாக, நடுவில் இடுப்பு தெரிய நிற்கிறது. மூன்றாவதில் இடுப்பு காணாமல் போய், மேல் வட்டத்தின் வலப்பக்கம் சாம்பலாகக் கரைந்து, பாதி ஆறாகிவிட்டது. நான்காவது மூன்றாவதின் அச்சு அசல் நகல். ஒன்பது நாளாக நான் திட்டிக்கொண்டிருந்த எக்ஸ்போர்ட் தனக்குக் கொடுத்ததை ஒழுங்காகத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. கெட்டது டைம்லைனில்.

ஏன் முன்னாடியே தெரியவில்லை என்றால், எடிட்டரின் பிரிவ்யூ எனக்கு எப்போதுமே மங்கலாகத்தான் இருந்தது. பழைய லேப்டாப், ஓட்டம் தடைப்படாமல் இருக்க பிரிவ்யூ தரத்தைப் பாதியாக வைத்திருந்தேன், 'பிரிவ்யூ அப்படித்தான் இருக்கும், எக்ஸ்போர்ட்டில் சரியாகிவிடும்' என்று நம்பிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் நிஜக் கோளாறு வசதியாக ஒளிந்துகொண்டது. வாரத்துக்கு ஒரு முறையாவது பிரிவ்யூவை முழுத் தரத்துக்கு மாற்றி, ஒரு ஃப்ரேமை நிறுத்திப் பாருங்கள்.

கெட்டதற்குக் காரணம் ஐந்து விநாடி. ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் நிறுவனத்தின் லோகோ சுழன்று வரும் சின்ன கிளிப் ஒன்றைப் போடச் சொல்லியிருந்தார்கள். அது 1280×720 புள்ளி (பிக்சல்) அளவில் இருந்தது. அதைத்தான் முதலில் டைம்லைனில் இழுத்துப் போட்டேன். 'இந்த கிளிப்புக்கு ஏற்ப ப்ராஜெக்ட் அமைப்பை மாற்றவா?' என்று ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும், நானும் படிக்காமல் சரி என்று அழுத்தியிருக்க வேண்டும், நினைவே இல்லை. பல எடிட்டர்கள் முதலில் விழும் கிளிப்பை வைத்துத்தான் டைம்லைனின் அளவை நிர்ணயிக்கின்றன. ஆக என் டைம்லைன் 1280×720, அதற்குள் 1920 புள்ளி அகலப் பதிவைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன், கடைசியில் எக்ஸ்போர்ட்டில் 1920×1080 என்று தேர்ந்தெடுத்து மறுபடி ஊதியிருக்கிறேன். ஏறக்குறைய, மூன்றுக்கு மூன்றாக இருந்த ஒன்பது புள்ளி இரண்டுக்கு இரண்டாக நான்காகி, பிறகு அந்த நான்கை வைத்து ஊகித்து ஒன்பதாக்கிய கதை. புகைப்படமாக இருந்தால் இந்தச் சேதம் அவ்வளவாகத் தெரியாது. எழுத்து அப்படியில்லை, ஒரு கோட்டின் தடிமனே ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளி போனால் எழுத்தும் போச்சு. கோப்பின் விவரத்தில் 1080 என்று கம்பீரமாக எழுதியிருக்கும், அதை நம்பி மோசம் போனவன் நான்.

சரி, டைம்லைனை 1920×1080 ஆக்கினால் முடிந்தது என்று நினைத்தேன். ஆக்கினேன், நிறையவே தெளிந்தது, ஆனாலும் மூலப் பதிவோடு ஒப்பிட்டால் ஒரு மெல்லிய படலம் மிச்சம். என் லேப்டாப் திரை 1920×1200, அதாவது வழக்கமான வீடியோவைவிட 120 வரிசை உயரம் அதிகம். எடிட்டர் உதவி செய்வதாக நினைத்து முழுப் படத்தையும் உள்ளே அடக்க 90 சதவீதமாகச் சுருக்கியிருந்தது. பத்து வரிசையை ஒன்பதில் அடைக்க வேண்டும், மிஞ்சும் ஒன்று எங்கே போகும்? பக்கத்து வரிசைகளில் கரைந்து எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சாம்பலாக்கும். கிளிப்பின் அளவை 100 என்று கையால் தட்டினேன், மேல் விளிம்பைப் பிடித்து நிறுத்தி, கீழே 120 வரிசை வெளியே போகும்படி விட்டேன். போனது டாஸ்க்பாரும் ஷீட் பெயர்ப் பட்டையும்தான், யாருக்கும் நஷ்டமில்லை. அந்தக் கணத்தில் பி8 பளிச்சென்று நின்றது. வீட்டில் யாரும் இல்லை, இருந்தாலும் கைதட்டினேன்.

இனிமேல் பதிவு செய்பவர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. பதிவு தொடங்கும் முன்பே கணினித் திரையின் அளவை 1920×1080 ஆக மாற்றிவிடுங்கள். 1200 உயரத் திரையில் அப்படி மாற்றினால் உங்கள் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம், அது திரைப் பலகை இழுத்துக் காட்டுவதால் வருவது, பதிவாகும் படம் புள்ளிக்குப் புள்ளி சுத்தமாக இருக்கும். ஓபிஎஸ் என்ற திரைப் பதிவு மென்பொருளைப் பயன்படுத்தினால் வீடியோ அமைப்பில் அடிப்படை அளவு, வெளியீட்டு அளவு என்று இரண்டு இருக்கும், இரண்டும் ஒன்றேதானா என்று பாருங்கள். திரை, பதிவு, டைம்லைன், எக்ஸ்போர்ட், நான்கும் ஒரே அளவு. இதில் ஒன்று பிசகினாலும் எழுத்துதான் முதல் பலி.

இதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். டைம்லைன் அளவை மாற்றியதும், நான் அம்புக்குறியும் வட்டமும் போட்ட இடங்களெல்லாம் நகர்ந்துவிட்டன. பி8-ஐச் சுற்றிப் போட்ட சிவப்பு வட்டம் எங்கேயோ காலி இடத்தில் தொங்குகிறது. ஒவ்வொரு பாடத்திலும் முப்பது நாற்பது குறிப்பு, எல்லாவற்றையும் கையால் இழுத்து வைத்தேன். ஐந்து நாள். எடிட்டைத் தொடங்கும் முன் அரை நிமிடம் ப்ராஜெக்ட் அமைப்பைப் பார்த்திருந்தால் போதும் என்ற நினைப்போடு ஒவ்வொரு வட்டத்தையும் இழுப்பது ஒரு தனி வேதனை.

அப்புறம் முதல் ஐந்து பாடம். அவற்றில் டைம்லைனைச் சரிசெய்த பிறகும் ஒரு வினோதம். ஷீட் அசையாமல் நிற்கும்போது எழுத்து தெளிவு, கீழே உருட்டினால் ஒரு விநாடி எல்லாம் கட்டம் கட்டமாகக் குழைந்து, பிறகு மெதுவாகத் தெளிகிறது. நான்கு படப் பரிசோதனையை மறுபடி செய்தேன், இந்த முறை மூலப் பதிவே கெட்டிருந்தது. அதற்கு முந்தின மாதம் நேரலை வகுப்பு ஒன்று எடுத்தபோது இணைய வேகத்துக்காகப் பிட்ரேட்டை 2,500 கேபிபிஎஸ் என்று குறைத்து வைத்திருந்தேன், பதிவின் தரம் 'ஸ்ட்ரீமில் உள்ளபடியே' என்று இருந்தது. அப்படியே மறந்துபோய் ஐந்து பாடம் பதிவு செய்திருக்கிறேன். ஆறாம் பாடத்துக்கு முன் ஏதோ வேறு காரணத்துக்காக அமைப்பை மாற்றியதால் மற்றவை தப்பின. திரைப் பதிவு வினோதமான பண்டம், முக்கால்வாசி நேரம் எதுவுமே அசையாது, அப்போது பிட் தேவையே இல்லை, உருட்டும் அந்த ஒரு விநாடியில் மொத்தத் திரையும் மாறும், அப்போது ஏராளமாகத் தேவை. நேரலைக்கென்று வைத்த நிலையான பிட்ரேட் அந்த விநாடியில் மூச்சுத் திணறிவிடும்.

ஆகவே பதிவுக்குப் பிட்ரேட்டை வைக்காமல் தரத்தை வைக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். எச்.264 முறையில் வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 என்ற நிரலில் அதற்கு சிஆர்எஃப் என்று பெயர், எண் குறையக் குறையத் தரம் கூடும், இயல்பாக 23 இருக்கும், ஆறு எண் குறைத்தால் கோப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். நான் இப்போது பதிவுக்கு 16, எக்ஸ்போர்ட்டுக்கு 18 வைக்கிறேன். அசையாத நேரத்தில் தானாகவே குறைவாகச் செலவழிப்பதால் கோப்பு ஒன்றும் பயங்கரமாக வளர்வதில்லை. ஒரே வீடியோ பதிவில் ஒரு முறை, எக்ஸ்போர்ட்டில் ஒரு முறை, ஏற்றும் தளத்தில் இன்னொரு முறை என்று மூன்று தடவை சுருக்கப்படுகிறது, நம் கையில் இருக்கும் முதல் இரண்டிலாவது தாராளமாக இருக்க வேண்டும். அந்த ஐந்து பாடத்துக்கு மருந்தே இல்லை, புதிதாகப் பேசிப் புதிதாகப் பதிவு செய்தேன். கூர்மையாக்கும் ஃபில்டர் போட்டுப் பார்த்தேன், எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு வந்ததுதான் மிச்சம்.

எல்லாம் சரியான பிறகும் ஓர் இடம் உறுத்தியது. கழித்தல் எண்களை சிவப்பில், அதுவும் கருப்புப் பின்னணியில் காட்டியிருந்தேன். வெள்ளை எழுத்து கத்தியாக இருக்கிறது, பக்கத்திலேயே சிவப்பு எழுத்து பிசிறு பிசிறாக. இது நம் தவறே இல்லை. வழக்கமான வீடியோவில் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி சேமிப்பார்கள், நிறத்தை இரண்டுக்கு இரண்டாக நான்கு புள்ளிக்கு ஒன்றுதான் சேமிப்பார்கள், 4:2:0 என்று எழுதியிருப்பது இதைத்தான். கருப்பும் வெள்ளையும் வெளிச்சத்தால் பிரிவதால் தப்பிக்கும், கருப்பில் சிவப்பும் நீலமும் பெரும்பாலும் நிறத்தால் பிரிவதால் மாட்டிக்கொள்ளும். 4:4:4 என்று நிறத்தையும் முழுதாகச் சேமிக்கும் வகை உண்டு, ஆனால் பல கருவிகளில் ஓடாது, தளங்களில் ஏற்றினால் அவர்கள் மறுபடி 4:2:0 ஆக்கிவிடுவார்கள். வெள்ளைப் பின்னணிக்கு மாறி, எழுத்தைத் தடித்ததாக்கி, ஷீட்டை 140 சதவீதம் பெரிதாக்கிப் பதிவு செய்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பெரிதாக்குவது எடிட்டரில் வேண்டாம், மென்பொருளுக்குள்ளேயே செய்யுங்கள். எடிட்டரில் இரு மடங்கு ஜூம் செய்வது ஒரு புள்ளியை நான்காக நீட்டுவது, எக்செல்லுக்குள் பெரிதாக்கினால் எழுத்தே புதிதாக வரையப்படும்.

சரிசெய்த மாதிரியை அனுப்பிய கதை இருக்கிறதே. இரண்டு நிமிடத் துண்டை மெசேஜ் செயலியில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: "முன்ன இருந்த மாதிரிதான் இருக்கு." கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, உண்மையாகவே. அன்று மாலை முழுக்க மறுபடி முதலிலிருந்து தேடினேன். கடைசியில் அவர்கள் தரப்பிலிருந்து அந்தத் துண்டைத் திரும்ப அனுப்பச் சொல்லி, வீடியோ கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்தால், நான் அனுப்பியது 1920×1080, அவர்களுக்குப் போனது 848×480. செயலி வழியிலேயே நசுக்கிவிட்டது. வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் தொடாது, அல்லது கிளவுடில் வைத்து இறக்கிப் பார்க்கச் சொல்லலாம், ஆனால் கிளவுடிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். யூடியூபிலும் ஏற்றிய உடனே முதலில் குறைந்த தரம்தான் தயாராகும், 1080 வர நேரம் பிடிக்கும், அதற்குள் இணைப்பை அனுப்பிவிட்டால் இதே பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும். மீடியாஇன்ஃபோ இலவசம், அகலம், உயரம், பிட்ரேட், ஃப்ரேம் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் காட்டும், முதல் நாளே வைத்திருந்தால் எனக்குப் பாதி நாள் மிச்சம்.

மறுபதிவில் ஒரு பாடத்தை அவசரத்தில் கணினியோடு வந்த ரெக்கார்டரில் எடுத்தேன், இருபதாவது நிமிடத்தில் குரல் ஒரு பக்கம், மவுஸ் ஒரு பக்கம். மீடியாஇன்ஃபோவில் ஃப்ரேம் வேகம் 'மாறுவது' என்று இருந்தது. திரை அசையாதபோது ஃப்ரேமை மிச்சம் பிடிக்கும் ரெக்கார்டர்கள் இப்படிச் செய்யும், சில எடிட்டர்கள் அதைச் சமமாக எண்ணிக் குழம்பும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் விநாடிக்கு நிலையான 30 ஃப்ரேமாக மாற்றி, தரத்தை 16 வைத்து எடுத்த பிறகு எடிட்டரில் போட்டேன், சேர்ந்துவிட்டது.

இப்போது முழுப் பாடத்தையும் எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் இருபது விநாடி மட்டும் எடுத்துப் பார்க்கிறேன். தலைப்பு அட்டை வரும் அழகான இருபது விநாடி கிடையாது, சின்ன எழுத்து, சிவப்பு எண், வேகமான உருட்டல் மூன்றும் வரும் மோசமான இருபது விநாடி. முழுத் திரையில், நிறுத்தி நிறுத்தி. முக்கால் மணி நேரத்துக்குப் பதில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

19-ஆம் நாள் 14 பாடமும் மறுபடி போய்ச் சேர்ந்தன. தாமதத்துக்காகத் தொகையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள், வாதாட எனக்குத் தெம்பில்லை. மறுபதிவு செய்த வாரம் எனக்குச் சளி, முதல் ஐந்து பாடத்தில் என் குரல் மூக்கடைத்து வேறு யாரோ பேசுவதுபோல் இருக்கும். அதைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு புகாரும் வரவில்லை. சந்தாவில் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறது.